காணாமையும் ஓர் அளவை

‘அளவை’ என்னும் சொல் தமிழிலே இரண்டு வீடுகளில் வாழ்கின்றது. நிலத்தைச் சங்கிலி பிடித்து அளப்பது அளவை. உண்மையை நியாயத்தால் நிறுவுவதும் அளவை. முன்னதற்குக் கொழும்பிலே ஒரு திணைக்களம் இருக்கின்றது. அதன் தமிழ்ப் பெயரே நில அளவைத் திணைக்களம். பின்னதற்குச் சிவஞான சித்தியாரிலே ஓர் இயல் இருக்கின்றது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் பலரும் அறிவர். அவற்றின்மேலும் கூட்டிப் பத்தென எண்ணுவாரும் உளர். அந்தப் பத்தினுள் ஒன்று அபாவம். ஒரு பொருள் இல்லாமையை அறிதற்குரிய அளவை அது. பத்தையும் மூன்றில் அடக்கலாம் என்பது நூலின் கருத்து. அந்த வழக்கு நமக்கு இப்பொழுது வேண்டாம்.

இவ்விரு வீட்டாரும் எதிர்ப்படும் இடம் ஒன்றுண்டு. பழைய அளவைக் கல்லொன்றைத் தேடிச் சென்றவன், அதனைக் காணாமல் திரும்பி வந்து, காகிதத்திலே என்ன எழுதுகின்றான் என்பதே அந்த இடம். ஊவா மாகாணத்து மலைகளில் இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. ஏழு பேர்ச் நிலத்துக்கு உறுதி கேட்டுக் காத்திருப்பவனுடைய கேள்வி.

முதலில் அந்தக் கல் யாதென்று சொல்லிவிடல் வேண்டும். பட்டிப்பொளையைக் கடந்து புகைவண்டி ஊவாப் பக்கம் இறங்கப் புகுமிடத்திலே, கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி என்று எழுதிய பலகையொன்று நிற்கின்றது. வண்டியின் யன்னலால் எட்டிப் பார்க்கும் பிள்ளை, “கடல் இங்கே இல்லையே, எப்படி அளந்தார்கள்?” என்று கேட்டால், அது நல்ல கேள்வி. கடல் ஏறுவதையும் இறங்குவதையும் பன்னாட் குறித்துச் சராசரி காண்பார்கள். அதனைச் சூனியமாக வைத்துக்கொண்டு, மட்டக் கருவியும் அளவுகோலுமாக அடி அடியாய் மேலேறுவார்கள். ஏறுகின்ற வழியிலே, கண்ட உயரம் கைநழுவிப் போகாதபடி, பாலத்தின் கற்கட்டிலும் பெயராத பாறையிலும் ஒரு குறி வெட்டி வைப்பார்கள். அம்பின் முனைபோல மூன்று கோடு. அதன் தலையிலே ஒரு கிடைக்கோடு. அந்தக் கோட்டிலே இரும்புத் துண்டொன்றைச் செருகினால், அளவுகோல் நிற்பதற்கு ஒரு பெஞ்சு கிடைக்கும். ‘பெஞ்ச் மார்க்’ என்னும் பெயர் வந்தவாறு இது. பின்னாளிலே குறியின் உருவம் மாறிற்று, பெயர் மாறவில்லை. இதனோடு, சிகரங்களில் நாட்டிய முக்கோண அளவைக் கற்களும், தோட்டங்களின் ஓரத்தில் நாட்டிய எல்லைக் கற்களும் உண்டு. மூன்றும் வேறு வேறு தொழிலின. தேடிச் செல்பவனுக்கு மூன்றும் ஒரு சாதி.

இலங்கையில் இத்திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆந் தேதி தொடங்கியது. சென்னையிலே லாம்டன் தமது பேரளவையைத் தொடங்கியது 1802 இல். இங்கே ஓர் இடைச்செருகல். 1808 இல் லாம்டனார் அரைத் தொன் நிறையுள்ள தமது கருவியைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின்மேல் ஏற்றுவித்தார். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதி நசுங்கிற்று. இராசராசன் எடுத்த விமானம் அளவைக்காரருக்கும் ஒரு மலையாகவே தோன்றியது என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு. நிற்க. இலங்கையின் முக்கோண அளவை 1857 இல் தொடங்கியது. அதற்கு முன்னரே, 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின், மலைநாட்டுக் காடு துண்டு துண்டாக அளக்கப்பட்டுத் துரைமாருக்கு விற்கப்பட்டது. கல் முன்னே வந்தது. கோப்பி அதன் பின்னே வந்தது. கோப்பிக்குப் பின்னே தேயிலை. தென்னாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள் அந்தக் கற்களுக்கு இடையிலேதான் குடியேறினார்கள்.

ஊவாவுக்கு இத்துறையிலே தனிப்பெருமை ஒன்று உண்டு. நில அளவையாளரைப் பயிற்றும் நிறுவனம் பதுளை மாவட்டத்துத் தியத்தலாவையில் இருக்கின்றது. செய்மதிகளின் துணைகொண்டு 1999 இல் நாட்டுக்குப் புதிய அளவை வலை கட்டியபோது, அதன் தலையாய நிலையம் அந்நிறுவனத்திலேயே அமைந்தது. தேசத்தையெல்லாம் அளப்பதற்குத் தாய்க்கல் நம்மிடத்தில் இருக்கின்றது. ஆனால் அதனைச் சூழ்ந்த மலைகளிலே அதன் பிள்ளைகள் எத்தனை என்று வீட்டுக்கு வீடு கேட்டால், விடை தெரிந்தவர் சிலரே.

இனித் தேடும் வகையைப் பார்ப்போம். பழைய குறிப்பிலே, “வண்டிப் பாதையின் வலப்பக்கம், பெரிய மரத்துக்கு வடக்கே இருபது அடி” என்றாற்போல் எழுதியிருக்கும். மரம் விறகாகிப் பல தலைமுறை ஆயிற்று. வண்டிப் பாதை அகன்று தார் பூசிக்கொண்டது. மானாப் புல் ஆளுயரம் நிற்கின்றது. தேடுகின்றவன் ஒரு காலை முழுவதும் அட்டைக் கடிபட்டுத் தேடுகின்றான், காணவில்லை. அவன் மூன்று வகையாக நடக்கலாம். ஒன்றும் எழுதாமல் விடலாம். ‘அழிந்தது’ என்று எழுதலாம். ‘தேடினேன், காணவில்லை’ என்று எழுதலாம்.

முதலாவது சோம்பல். அடுத்தவனும் அதே மானாப் புல்லுக்குள் அதே காலையைச் செலவிடுவான். இரண்டாவது பொய், பொய் என்று தெரியாமல் சொல்லும் பொய். ஆதலால் அது இன்னும் பொல்லாதது. ஒரு முறை ‘அழிந்தது’ என்று ஏட்டில் ஏறிவிட்டால், அந்தக் கல்லை அதன்பின் எவனும் தேடான். மண்ணுக்குள் நல்ல உயிரோடு கிடக்கும் கல்லுக்கு மரணப் பத்திரம் எழுதியபடியாயிற்று. அமெரிக்காவிலே கற்களைத் தேடித் திரிவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர். அவர்கள் அனுப்பும் செய்திகளை அந்நாட்டு அளவைத் துறையார் பெற்றுக்கொள்வார்கள். எனினும் ‘அழிந்தது’ என்று ஏட்டில் எழுதுவதற்கு வலுவான சான்று கேட்பார்கள். பெயர்ந்த உலோகத் தகட்டையே கையிற் கொண்டு வா, அல்லது அதன் படத்தைக் காட்டு என்பார்கள். இல்லையேல் ‘காணவில்லை’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எத்தனை பேர் தேடிக் காணாவிட்டாலும் அது காணவில்லையேயன்றி அழிந்ததாகாது.

இது நம்முடைய தருக்க நூலாருக்குப் புதிய செய்தியன்று. சிவஞான முனிவர் மொழிபெயர்த்த தருக்க சங்கிரகத்தைப் பாடங் கேட்ட மாணவன், நிலத்திலே குடம் இல்லை என்னும் உதாரணத்தை மறந்திரான். குடம் காணப்படவில்லை, ஆகவே குடம் இல்லை. சரி. ஆனால் எப்பொழுது சரி? விளக்கு எரிகின்றபோது, கண் நன்றாக இருக்கின்றபோது, குடம் இருந்திருந்தால் கட்டாயம் தோன்றியிருக்கும் என்னும் நிலை உள்ளபோது. இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குடம் இல்லை என்பவனை ஆசிரியர் வாங்கில் ஏற்றி நிறுத்துவார். எனவே ‘காணவில்லை’ என்று எழுதுகின்றவன், தான் எந்த விளக்கோடு போனான் என்பதையும் எழுதுதல் வேண்டும். எந்த நாள், எவ்வளவு நேரம், புல்லை வெட்டினானா, மண்ணைக் கிளறினானா, எந்த அடையாளத்திலிருந்து அளந்தான்? இவையெல்லாம் சேர்ந்தபோதுதான் காணாமை அளவையாகும். வெறுங் காணாமை வெறும் பெருமூச்சு.

இன்னொன்று. யாரைக் கேட்டான்?

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே நில அளவையாளரான நண்பர் ஒருவர் இவ்வாறு ஒரு கல்லைத் தேடி இரண்டு நாள் அலைந்தார். மூன்றாம் நாள் நானும் உடன் சென்றேன். லயத்து வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதியவரிடம், “தாத்தா, இங்கே அம்புக்குறி போட்ட கல் ஏதும் தெரியுமா?” என்று கேட்டோம். அவர் சற்றும் யோசிக்கவில்லை. “கவ்வாத்துக் கத்தி தீட்டுற கல்லைத்தானே வாத்தியாரையா கேக்கிறீங்க? அது ஏழாம் நம்பர் மலையில கான் வெட்டுறப்ப பொரண்டுபோச்சு. எங்க அப்பா காலத்தில நட்டமா நின்னுச்சு” என்றார். நண்பர் குறிப்பேட்டைத் திறந்தபடியே நின்றார். கல் இருக்கின்றது, ஆனால் புரண்டுவிட்டது. புரண்ட கல்லைக் கண்டுபிடித்து, நின்ற கல் என்று எண்ணி, அதிலிருந்து அளந்திருந்தால் என்னாகும்? காணாத கல்லினும் இடம் மாறிய கல் கேடு செய்யும்.

நம் தோட்டங்களிலே ஒரு கல்லுக்கு நேரக்கூடியவை இவ்வளவு அவ்வளவல்ல. படிக்கல்லாகலாம், அம்மியாகலாம், மஞ்சளும் குங்குமமும் பூசப்பெற்று ஒரு முனியாண்டியாகவும் ஆகலாம். வீரனுக்குக் கல் நாட்டுவதிலே தொல்காப்பியர் முதற்கண் வைத்த துறை ‘காட்சி’. கல்லைக் காண்பதுதான் முதல். நாட்டலும் வாழ்த்தலும் பின்னர். கண்ட கல்லைக் கும்பிடும் மரபினர் நாம். குங்குமத்தின் கீழே அம்புக்குறி இருந்தால், அளவைக்காரர் பத்து முறை அவ்வழியே போய் வந்தும் ‘காணவில்லை’ என்றுதான் எழுதுவார். அவர் கோடாங்கியைக் கேட்டிருந்தால் அறிந்திருப்பார்.

கேட்டாலும் எல்லாரும் சொல்லிவிட மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அளவைக் குறிகளைப் பெயர்ப்பதும் அழிப்பதும் சட்டப்படி குற்றம். அது நல்ல சட்டம். ஆனால் கல்லைக் காணவில்லை என்று சொல்லப் போனவனையே, “கல் எங்கே?” என்று திருப்பிக் கேட்பார்களோ என்ற அச்சம் லயத்திலே உண்டு. துரைத்தனத்தையும் கணக்கப்பிள்ளையையும் கண்டு வளர்ந்த சமூகத்துக்கு அந்த அச்சம் காரணமின்றி வந்ததன்று. ஆதலால், சொல்ல வருகின்றவனைக் குற்றவாளியாகப் பாராமல் சாட்சியாகப் பார்க்கும் வழக்கத்தை அதிகாரிகள்தாம் தொடங்குதல் வேண்டும்.

இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்பார்க்குக் கணக்கொன்று சொல்கின்றேன். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. ஏழு பேர்ச் ஏறத்தாழ 1,906 சதுர அடி. அதனைச் சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் நாற்பத்து நான்கு அடிக்குச் சற்றுக் குறையும். ஒரு பக்கத்து எல்லை மூன்றடி உள்ளே தள்ளிவிட்டால், போவது அரைப் பேர்ச். ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்துக்கு அரைப் பேர்ச் தூசு. ஏழு பேர்ச்காரனுக்கு அது பதினான்கில் ஒரு பங்கு, அவனுடைய சமையற்கட்டு. தோட்டத்து வீடுகளுக்கு ஏழு பேர்ச் என்றும் பின்னர்ப் பத்துப் பேர்ச் என்றும் காணி அளந்து உறுதி கொடுக்கும் காலத்திலே, அந்த உறுதியின் வரைபடம் எந்தக் கல்லில் நிற்கின்றது என்று கேட்பது அடங்காமையன்று.

நிலம் அசையும் இடத்திலே இது இன்னும் பெரிது. 2014 ஒக்டோபர் 29 ஆந் தேதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2005 இலும் 2011 இலும் ஆபத்து அறிவிக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் ஊரறிந்த செய்தியாயிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. மலை மெல்ல நகர்கின்றதா என்பதை எதனாலே அறிவது? முன்பு இருந்த இடம் தெரிந்த ஒரு குறியை வைத்துக்கொண்டுதான் அறிவது. சரிவின் மேலே நின்ற கல் இப்பொழுது காணப்படவில்லை, அல்லது சாய்ந்து நிற்கின்றது என்று கொழுந்தெடுக்கும் ஒரு பெண் வந்து சொன்னால், அது எல்லைத் தகராறு பற்றிய செய்தி மட்டுமன்று.

செய்மதி வந்துவிட்டதே, கல் எதற்கு என்பார் உளர். செய்மதி உயரம் சொல்வது உண்மையே. ஆனால் அது கடலிலிருந்து சொல்வதன்று. பூமிக்கு நாம் கற்பித்துக்கொண்ட முட்டை வடிவொன்றிலிருந்து சொல்வது. உலகிலேயே அந்த வடிவுக்கு மிகத் தாழ்ந்து கடல் நிற்குமிடம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கின்றது. அங்கே நூறு மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம். இலங்கையிலும் வேறுபாடு நூறு மீற்றரை அண்டியதே. திருத்தஞ் செய்யாத கருவியோடு காலிமுகக் கரையில் நிற்பவனை, நீ கடலுக்கு அடியில் நிற்கின்றாய் என்று அது சொல்லும். திருத்துவதற்கு உயரம் தெரிந்த கற்கள் வேண்டும். நீதிமன்றத்திலே பழைய வரைபடத்தை விரித்தால், அதிலும் நிற்பவை கற்களே.

‘காணவில்லை’யை ‘இல்லை’யாக்கும் பழக்கம் கல்லோடு நின்றிருந்தால் இவ்வளவு வேகமாக எழுதியிரேன். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தார் என்பதற்குச் சான்று கேட்டது. பிறப்பைப் பதிந்து வைக்காத லயத்திலே சான்று எங்கே இருக்கும்? பத்திரம் காணவில்லை, ஆகவே பிரசை இல்லை. அந்த இருட்டறைத் தருக்கத்தைத் திருத்தி முடிக்க 2003 வரை ஆயிற்று. ஏட்டிலே ‘இல்லை’ என்று எழுதப்பட்டும் மலையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என் வகுப்பிலே இருக்கின்றார்கள். அவர்களுக்கு அபாவத்தை விளக்கக் குடம் தேவைப்படுவதில்லை.

அந்தப் பிள்ளைகளிடத்திலேயே இந்த வேலையைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஊவாவின் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் ஒரு தாள் போதும். தமிழில் இருத்தல் வேண்டும். கல்லைத் தொடாமல், பெயர்க்காமல், பார்த்ததை மட்டும் எழுதி மாவட்ட நில அளவை அலுவலகத்துக்கு அனுப்பட்டும். கண்டோம், நிமிர்ந்து நிற்கின்றது, கண்டோம், சாய்ந்திருக்கின்றது, தேடினோம், காணவில்லை. ‘அழிந்தது’ என்னும் சொல்லை அதில் அச்சிட வேண்டாம். அதைத் தீர்மானிக்கப் பெரியவர்கள் இருக்கின்றார்கள். எத்தனை மணி நேரம் தேடினீர்கள் என்றொரு கட்டம். மழையா, வெயிலா என்றொரு கட்டம். மறவாமல், ‘யாரைக் கேட்டீர்கள்?’ என்றும் ஒரு கட்டம் இருக்கட்டும். அது மற்றவற்றிலும் அகலமாக இருக்கட்டும்.