எக்ஸ்எல் வண்டிக்கு 714, லம்போர்கினிக்கு 7,897: இது என்ன கணக்குங்க?

"அவங்க காசு, அவங்க காரு. உனக்கு எதுக்குய்யா வயித்தெரிச்சல்?"

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரைப் பத்தி யார் வாயைத் திறந்தாலும் அடுத்த நிமிஷம் இந்தக் கேள்வி வந்துடும். மடத்துக்குளம் மாதிரி ஊர்ல இந்தக் காருங்க நிக்கறதில்லை, கடந்துதான் போகும். கோயமுத்தூர்ல கிளம்பி, பொள்ளாச்சி, உடுமலை தாண்டி, பழனிக்கோ கொடைக்கானலுக்கோ போற வழியில நம்ம ஊரு. சத்தம் கேட்டதும் பசங்க செல்போனைத் தூக்குவாங்க. டீக்கடையில ஒரு பெரியவர் முணுமுணுப்பார். பக்கத்துல இருக்கறவர் மேலே சொன்ன டயலாக்கை விடுவார். விவாதம் அதோட முடிஞ்சுது.

முடியக் கூடாதுங்கறதுதான் என் கட்சி. காசு அவங்களுது, காரும் அவங்களுது, சரி. ஆனா அந்தக் கார் ரோட்டுக்கு வர்றப்ப கூடவே ஒரு ரிஸ்க்கும் வருது. அதுல பெரிய பங்கை நாம சுமக்கிறோம். பொறாமைங்கற பேச்சை ஓரமா வெச்சுட்டு இன்சூரன்ஸ் கணக்கை மட்டும் பார்ப்போம்.

முதல்ல அடிப்படை. கார் இன்சூரன்ஸ்ல ரெண்டு பாகம் உண்டு. ஒண்ணு, நம்ம வண்டிக்கு ஆகற சேதத்துக்கு. இன்னொண்ணு, நம்ம வண்டியால அடுத்தவனுக்கு ஆகற சேதத்துக்கு, அதாவது தேர்ட் பார்ட்டி. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம் ரெண்டாவது மட்டும்தான். நாலு கோடி ரூபா காரா இருந்தாலும், சொந்த சேதத்துக்குப் பாலிசி எடுக்கறதும் எடுக்காததும் ஓனர் இஷ்டம்.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அரசாங்கம் நிர்ணயிக்குது. 2022 ஜூன் 1ல் அமலுக்கு வந்த அட்டவணையைப் பாருங்க. 1000 சிசி வரைக்கும் உள்ள கார்களுக்கு 2,094 ரூபாய். 1000 முதல் 1500 சிசி வரை 3,416. 1500க்கு மேல 7,897. அவ்வளவுதான், அதுக்கு மேல படியே கிடையாது.

இதோட அர்த்தம் என்னன்னா, கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஆளேத்திட்டுப் போற ஒரு குடும்பத்தோட பழைய டாடா சுமோ கோல்டு 2956 சிசி, 85 குதிரைத்திறன். லம்போர்கினி ஹுராகான் 5.2 லிட்டர் என்ஜின், 610 குதிரைத்திறன், மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டற வண்டி. ரெண்டுக்கும் தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஒண்ணேதான்!

இத்தனைக்கும் டூவீலருக்கு மட்டும் நாலு படி வெச்சிருக்காங்க. 75 சிசி வரை 538, 150 வரை 714, 350 வரை 1,366, அதுக்கு மேல 2,804. எக்ஸ்எல் 100க்கும் புல்லட்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச அட்டவணைக்கு, சுமோவுக்கும் லம்போர்கினிக்கும் வித்தியாசம் தெரியலை. எலக்ட்ரிக் கார்லயும் இதே கூத்துதான். 65 கிலோவாட்டுக்கு மேல எல்லாத்துக்கும் 6,712. நெக்ஸானும் போர்ஷே டைகானும் ஒரே தட்டுல!

"காரோட விலைக்கும் தேர்ட் பார்ட்டிக்கும் சம்பந்தம் இல்லையே, அடுத்தவனுக்கு ஆகற சேதம்தானே கணக்கு?"ன்னு விவரமானவங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனாலதான் விலையைச் சொல்லாம குதிரைத்திறனைச் சொன்னேன். சக்தியும் வேகமும் கூடக்கூட அடுத்தவனுக்கு ஆகற சேதமும் கூடும். 2016 செப்டம்பர்ல சென்னை கதீட்ரல் சாலையில ஒரு போர்ஷே, வரிசையா நின்ன ஆட்டோக்கள் மேல மோதினதுல ஒரு ஆட்டோ ஓட்டுநர் செத்துப்போனார். 2024 மே 19ல் புனே கல்யாணி நகர்ல 17 வயசுப் பையன் ஓட்டின போர்ஷே டைகான் மோதி, பைக்ல போன ரெண்டு இளம் என்ஜினியர்கள் செத்தாங்க. அந்த டைகானுக்கு நிரந்தரப் பதிவே முடியலை. காரணம், கட்டாம விட்ட 1,758 ரூபாய் கட்டணம். கோடிக்கணக்குல கார் வாங்கினவங்களுக்கு ரெண்டாயிரம் ரூபா கட்ட நேரமில்லை போல.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதி இதைவிட மோசம்.

ஒரு உதாரணத்துக்கு, காரத்தொழுவுல இருந்து எக்ஸ்எல்ல பால் கேனைக் கட்டிக்கிட்டு வர்ற ஒரு அண்ணன்னு வெச்சுக்குவோம். திரும்பறப்ப கேன் இடிச்சு ஸ்போர்ட்ஸ் காரோட ஹெட்லைட்டும் முன்பக்கமும் போச்சு. தப்பு அண்ணன் மேலதான். சாதாரண கார்னா உடுமலையில டிங்கரிங் பட்டறைக்குப் போய், தட்டி எடுத்து, பட்டி வெச்சுத் தேய்ச்சு, பெயிண்ட் அடிச்சா சில ஆயிரத்துல முடியும். இந்தக் காரைத் தட்டி எடுக்க முடியாது. அலுமினியமும் கார்பன் ஃபைபரும் கலந்த உடம்பு. உடைஞ்சா பாகத்தையே மாத்தணும். பாகம் கப்பல்லயோ விமானத்துலயோ வரணும், அதுக்கும் சுங்க வரி. லம்போர்கினின்னா காரை லாரியில ஏத்திப் பெங்களூருக்கு அனுப்பணும். பில்லு 12 லட்சம்னு வெச்சுக்கங்க.

அண்ணன் 714 ரூபா கட்டி இன்சூரன்ஸ் ஒழுங்கா எடுத்திருக்கார். அந்தப் பாலிசியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படிச்சா, டூவீலரால அடுத்தவர் சொத்துக்கு ஆகற சேதத்துக்குக் கம்பெனி தர்ற உச்ச வரம்பு 1 லட்சம் ரூபாய். கார்களுக்கு 7.5 லட்சம். பிரீமியத்துல சில்லறை குறையுதேன்னு இந்த வரம்பை 6,000 ரூபாயா குறைச்சு வாங்கற வழியும் உண்டு. ஆக மிச்ச 11 லட்சம் யார் தலையில? சட்டப்படி பார்த்தா பால்காரர் தலையிலதான். எக்ஸ்எல்லை வித்தா இருபதாயிரம் தேறுமா?

உயிர்ச்சேதத்துக்கு நஷ்ட ஈட்டுல உச்ச வரம்பு கிடையாது, தீர்ப்பாயம் சொல்ற தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். பொருள் சேதத்துக்குத்தான் இந்த வரம்பு. ரோட்டுல அம்பாசடரும் மாருதி 800ம் ஓடின காலத்துக்கு அது போதும். நாலு கோடி ரூபா கார் பக்கத்துல ஓடறப்ப அது கோவணத் துணி.

"நடைமுறையில அப்படியெல்லாம் வசூல் பண்றதில்லைப்பா. கம்பெனிகளுக்குள்ள நாக் ஃபார் நாக் ஒப்பந்தம் இருக்கு, அவனவன் பாலிசிதாரரோட சேதத்தை அவனவன் பார்த்துக்குவான்"னு இன்சூரன்ஸ் ஏஜென்ட் யாராவது சொல்லலாம். ஒப்பந்தம் இருக்கறது உண்மை. ஆனா அது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவுல. எக்ஸ்எல்லுக்கு இன்சூரன்ஸ் காலாவதி ஆகியிருந்தா அது உதவாது. நாட்டுல ஓடற வண்டிகள்ல ஏறக்குறைய பாதிக்கு இன்சூரன்ஸ் இல்லை, அதுல டூவீலருங்கதான் அதிகம். நோ கிளைம் போனஸ் போயிடுமேன்னு கார் ஓனர் தன் பாலிசியில கிளைம் பண்ணாம நேரா அண்ணன் மேல வழக்குப் போட்டாலும் அது உதவாது. ரோட்டோரத்துல எக்ஸ்எல் சாவியைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு "எடுடா காசை"ன்னு நிக்கறப்ப எந்த ஒப்பந்தமும் பக்கத்துல வராது.

அடுத்த வாதம் வரி. "நாங்க 100 சதவீதத்துக்கு மேல சுங்க வரி கட்டறோம்." கட்டறாங்க, மறுக்கலை. அதுலயும் விலக்குக் கேட்ட கதைகள் உண்டு. பிராட்மேனோட 29 சதத்தைச் சமன் செஞ்சதுக்குச் சச்சினுக்குக் கிடைச்ச ஃபெராரி 360 மொடேனாவுக்கு ஒரு கோடிக்கு மேல வரி விலக்கு கொடுத்து, 2003ல் எதிர்ப்பு கிளம்பி, கடைசியில ஃபியட் கம்பெனி வரியைக் கட்டுச்சு. நடிகர் விஜய் 2012ல் இறக்குமதி செஞ்ச ரோல்ஸ் ராய்ஸ் ஸ்போர்ட்ஸ் கார் இல்லைன்னாலும் வழக்கு இதே ரகம்தான். நுழைவு வரி வழக்குல 2021 ஜூலையில உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 1 லட்சம் அபராதம் போட்டார். அபராதத்துக்கு மேல் அமர்வு தடை கொடுத்து, 2022 ஜனவரியில தீர்ப்புல இருந்த கடுமையான வார்த்தைகளையும் நீக்குச்சு. வரியை அவர் கட்டிட்டார். யார் சரி யார் தப்புங்கற சண்டை இங்க வேண்டாம். வரி முழுசா கட்டினாலும் அது டெல்லிக்கும் சென்னைக்கும்தான் போகுது. காரத்தொழுவு பால்காரரோட 11 லட்சத்துக்கு அதுல ஒரு பைசா வராது.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பாலிசிகள்ல ரேஸ், வேகச் சோதனை ரெண்டுக்கும் கவர் கிடையாது. அதாவது கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி, இந்தக் காரோட வேகத்துக்குன்னே இருக்கற இடத்துல ரேஸ் ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லாது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போறவங்களும் எக்ஸ்எல்லும் மாட்டு வண்டியும் நிறைஞ்ச பழனி ரோட்டுல ஓட்டினா செல்லும். :-)

இதை ஏன் இப்பப் பேசறேன்னா, இனி இந்தக் காருங்க கூடப் போகுது. 2025 ஜூலை 24ல் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் ஒப்பந்தத்துல, பிரிட்டன் கார்களுக்கு 100 சதவீதத்துக்கு மேல இருந்த வரியை, ஒரு ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்குள்ள, படிப்படியா 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வழி செஞ்சிருக்காங்க. ஆஸ்டன் மார்ட்டினும் மெக்லாரனும் அந்த ஊர்ச் சரக்கு. அதே ஒப்பந்தத்துலதான் நம்ம திருப்பூர் பனியனுக்கு அங்க வரி இல்லைன்னு ஆச்சு. பனியன் போகட்டும், கார் வரட்டும், வியாபாரம் நல்லதுதான். பனியன் தைக்கிறவரோட டூவீலர் பாலிசியும் அந்தக் காருக்கு ஏத்த மாதிரி மாற வேண்டாமா?

நான் கேட்கறது மூணே மூணு.

ஒண்ணு, தேர்ட் பார்ட்டி அட்டவணையில 1500 சிசிக்கு மேலயும் படிகள் வரணும், சிசியை மட்டும் பார்க்காம குதிரைத்திறனையும் பார்க்கணும். ரெண்டு, ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேல உள்ள கார்களுக்குச் சொந்த சேதப் பாலிசி கட்டாயம் ஆகணும். மூணு, எதிர் வண்டியோட பாலிசி வரம்புக்கு மேல போற பொருள் சேதத்தை அந்த விலையுயர்ந்த காரோட பாலிசியே ஏத்துக்கணும்னு சட்டம் வரணும். குடிச்சுட்டு ஓட்டினவனுக்கும் வேணும்னே இடிச்சவனுக்கும் இந்தச் சலுகை வேண்டாம்.

நடக்காத காரியம்னு நினைக்காதீங்க. தென்கொரியாவுல, தப்பு பெரிய கார் மேல இருந்தும், அதோட ரிப்பேர் செலவு அதிகம்ங்கறதால சின்னக் கார்க்காரரோட பிரீமியம் ஏறிக்கிட்டு இருந்துச்சு. 2023 ஜூலையில அதை மாத்தி, ஏத்தத்தைப் பெரிய கார் பக்கம் திருப்பினாங்க.

நாலு கோடிக்குக் கார் வாங்கறவருக்குப் பிரீமியத்துல இன்னும் ஐம்பதாயிரம் ஒரு பொருட்டே இல்லை. பால்காரருக்கு 11 லட்சம்ங்கறது வீடு, மாடு, பொண்ணு கல்யாணம் எல்லாம் சேர்ந்தது. அவங்க காசு, அவங்க காரு, ஒத்துக்கறேன். ரிஸ்க்கும் அவங்களுதாவே இருக்கட்டும்.