கஞ்சாப் புகையும் கல்மரமும்

மாற்று வாழ்வு பேசும் நண்பர்கள் சிலர் கஞ்சாவைப் படைப்பூக்கத்தின் திறவுகோல் என்றும் கலகத்தின் கொடி என்றும் எழுதி வருகின்றனர். நமக்கு இதில் உடன்பாடில்லை. சித்தர்களைத் துணைக்கு அழைக்கும் இவர்கள், சித்த மருத்துவம் இச்செடியைச் சுத்தி செய்த பின்பே மருந்தில் சேர்க்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

அதற்காகச் சட்டத்தின் பக்கம் நிற்கிறோம் என்று பொருளல்ல. 1985ஆம் ஆண்டுச் சட்டம் செடியின் பூக்கும், காய்க்கும் நுனியையே கஞ்சா என்கிறது; தனியே பறித்த இலை அதில் சேராது. எனவே உத்தரப்பிரதேசத்தில் பாங்கு உரிமம் பெற்ற கடையிலேயே விற்கிறது. இங்கோ 2003 முதல் மதுவை அரசே சில்லறையில் விற்கிறது. ஒரு பொட்டலம் கஞ்சா வைத்திருந்தவனுக்கு ஓராண்டு வரை கடுங்காவல். இந்த இரட்டை வேடம் சாடத்தக்கதே.

ஆயினும் கலகம் புகையில் இல்லை. பௌர்ணமி இரவில் வக்கிரகாளியைக் காணத் திருவக்கரையில் கூட்டம் திரள்கிறது. அருகே ஏறத்தாழ 2 கோடி ஆண்டு வயதுடைய கல்மரங்கள். அவ்வட்டாரத்திலேயே கல்குவாரிகள் பாறையைத் தின்கின்றன. ஆன்மிகமும் இயற்கையும் பேசுவோர் இதுகுறித்து எழுதிய ஒரு வரியையும் நாம் கண்டதில்லை. குவாரி உரிமத்தைப் படிக்கவும், கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்கவும் தெளிந்த தலை வேண்டும்.