கச்சேரிக்காரர் மனைவி என்றால் இளக்காரமா?

போன மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. வளையல் போட்டு முடித்து, கலந்த சாதம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் பெரிய நாத்தனாரின் சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் இன்னமும் அந்த ஆர்கெஸ்ட்ராவுக்குப் போயிட்டுத்தான் இருக்காரா? பொம்பளைப் பிள்ளை பெரிசாயிட்டாளே, இனிமேலாவது நிறுத்தச் சொல்லக் கூடாதா?" என்றார். நாலு பேர் முன்னால் கேட்டதால் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் சகோதரிகளிடம் இதைக் கொட்டுகிறேன்.

என் கணவர் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஷிப்ட் வேலை. மாசி தொடங்கி ஆடி வரை கோவில் திருவிழா, முகூர்த்த மாதங்களில் கல்யாண வரவேற்பு என்று மாதத்துக்கு நாலைந்து ராத்திரி, ஓர் இன்னிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கப் போவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உள்ள பழக்கம். பெண் பார்க்க வந்தபோது இதை எங்களிடம் யாரும் மூச்சு விடவில்லை என்பது தனிக் கதை!

பேஸ் கிடார் என்றால் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. சாதாரண கிடாரில் ஆறு கம்பி. இதில் நாலே நாலு, அதுவும் தடி தடியாக இருக்கும். பாட்டின் மெட்டை இதில் வாசிப்பதில்லை. டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டு அடியில் 'தும் தும்' என்று போய்க்கொண்டிருக்கும். பாடகி முன்னால் நிற்பார், கைதட்டல் அவருக்கு. கீபோர்டுகாரரைக்கூட நாலு பேர் பார்ப்பார்கள். இவர் பின்னால், வெளிச்சம் படாத மூலையில் நிற்பார். வரவேற்பு வீடியோக்களில் இவருடைய முழங்கை மட்டும்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் இதற்காக நான் போடாத சண்டை இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு வண்டிச் சத்தம் கேட்கும், தெரு நாய் எல்லாம் குரைக்கும், எழுந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். காலையில் ஏழு மணி ஷிப்டுக்கு எழுப்பினால் எழுந்திருக்க மாட்டார். "கச்சேரிக்குப் போறவன் குடிக்காம இருப்பானா?" என்று என் அம்மாவே கேட்டார். மறைப்பானேன், இரண்டு முறை வாடை வந்தது. இரண்டாவது முறை நான் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. விடிய விடியத் திண்ணையில் படுத்திருந்தார். அதற்குப் பிறகு இல்லை. இப்போது கிராமத்திலும் பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் போலீஸ் கெடுபிடி. திருவிழா என்று அனுமதி வாங்கினாலும் 12 மணிக்கு மேல் முடியாது. ஒன்றரைக்கெல்லாம் வீடு வந்துவிடுகிறார். சட்டம் போட்டவர்கள் நன்றாக இருக்கட்டும்!

வருமானத்துக்காகப் போகிறார் என்றும் சொல்ல முடியாது. ஒரு ராத்திரிக்கு 1,000 ரூபாய். பெட்ரோல், டீ போக எவ்வளவு மிஞ்சும்? நாலு கம்பி புதிதாக மாற்றினால் ஒரு கச்சேரிப் பணம் அதோடு சரி.

2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் திருவிழாவே நடக்கவில்லை. இதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. எங்கள் டிரம்ஸ்காரர் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். எங்களுக்கு மில் சம்பளம் இருந்ததால் தப்பித்தோம். திரும்பக் கச்சேரிகள் ஆரம்பித்தபோது, இதுதான் சமயம் என்று "இனி வேண்டாங்க" என்றேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரி" என்று கிடாரைப் பையில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டார்.

எட்டு மாதம். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஷிப்ட் முடிந்து வருவார், டி.வி. முன்னால் உட்காருவார், ஒன்றும் பேச மாட்டார். சின்னவளைத் தட்டித் தூங்க வைக்கும்போது மட்டும் விரல்கள் அவள் முதுகில் ஏதோ வாசிக்கும். "அப்பா, கூசுது" என்று அவள் சிரிப்பாள். இரண்டு மூன்று முறை இதைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பையை இறக்கினேன்.

2023 மாசித் திருவிழாவில் முதல் முறையாக நானும் கூடப் போனேன். பாட்டு நடுவில் இவருடைய ஆம்ப்ளிஃபயர் ஒயர் கழன்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை, கூட்டத்தில் யாரும் கவனிக்கவும் இல்லை. ஆனால் எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. பெருங்காயம் போடாத ரசம் மாதிரி! ஒயரைச் செருகியதும் நெஞ்சுக்குள் 'தும்' என்று வந்து விழுந்ததே, அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். ஐயாவுக்கு ஒரே குஷி. "நீயும் நம்ம வீட்டுக்கு பேஸ் மாதிரிதான்" என்றார். "பேஸுக்கு ராத்திரிக்கு ஆயிரம் ரூபாய் தர்றாங்க, எனக்கு யார் தர்றா?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் அதிலிருந்து மாதம் ஒரு கச்சேரிப் பணம் என் கைக்கு வருகிறது, கணக்குக் கேட்பதில்லை. அதில்தான் ஆரி ஒர்க் கற்றுக்கொள்கிறேன். செவ்வாய், வியாழன் மாலையில் வகுப்பு. அன்று பிள்ளைகளுக்குத் தோசை வார்ப்பது அவர் பொறுப்பு.

அதனால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். எப்படியும் தானாக நின்றுவிடும் போலிருக்கிறது. கீபோர்டுகாரர் இடது கையாலேயே பேஸையும் வாசித்துவிடுகிறார், இல்லையென்றால் லேப்டாப்பில் டிராக் ஓடுகிறது. ரேட்டைக் குறையுங்கள் என்று கல்யாண வீட்டார் சொன்னால் முதலில் கழிபடுவது பேஸ்காரர்தான். இளையராஜாகூட அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறி வாசித்தவர். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு அவரை இளக்காரமாகப் பேச யாருக்காவது வாய் வந்ததா? அவருடைய பாடல்களுக்கு பேஸ் வாசித்த சசிதரன் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வரவேற்பில் கச்சேரி வைக்கும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் முடியப் பத்து ஆகும். அதற்குள் பந்தி முடிந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு, வீட்டில் வந்து ஆறிப்போன சாதத்தை மோர் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார் என் கணவர், எத்தனையோ நாள். ஏழெட்டுப் பேர்தானே? ஆறரை மணிக்கே அவர்களுக்கு முதலில் இலை போட்டுவிடுங்கள்.

அந்தச் சம்பந்தியம்மா வீட்டில் வருகிற தை மாதம் கல்யாணமாம். "ஆர்கெஸ்ட்ரா வைக்கலாம்னு இருக்கோம், உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ரேட்டைக் கொஞ்சம் குறைச்சுக் கேளுங்களேன்" என்று நேற்றுத்தான் போன் வந்தது!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.