அக்ரிலிக் பலகையில் லேசர் பொறிப்பு: தாள் ஒட்டுவதும் துப்புரவு செய்வதும்



கடைகளின் பெயர்ப்பலகை, பாடசாலைப் பரிசளிப்புக்கான கேடயம், வீட்டு இலக்கத் தகடு, சாவிக்கொத்து, நினைவுப் படம் என்று இன்று பல பொருட்கள் அக்ரிலிக் பலகையில் லேசர் இயந்திரத்தினால் பொறிக்கப்படுகின்றன. இவ்வேலை நடைபெறும் இடங்களில் நான் அவதானித்த ஒரு விடயம் உண்டு. இயந்திரத்துடன் இணைந்த கணினியின் முன்னால் ஆண்கள் இருப்பார்கள். பின்மேசையில் தாள் ஒட்டுவதும், உரிப்பதும், துடைப்பதும் பெண்களுக்குத் தரப்பட்டிருக்கும். "சும்மா துடைக்கிற வேலைதானே" என்று கூறிக் கூலியையும் குறைத்து விடுகிறார்கள். ஆனால் பலகையில் கீறலோ வெடிப்போ விழுந்தால் அதன் விலை அந்தப் பெண்ணின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுகின்றது. எனவே இவ்வேலையின் நுட்பங்களை இம்மாதம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில், பலகை ஏன் அழுக்காகின்றது? லேசர் ஒளி படும் இடத்தில் அக்ரிலிக் உருகி ஆவியாகின்றது. அந்த ஆவி குளிர்ந்ததும் வெண்மையான தூளாக எழுத்தைச் சுற்றிப் படிகின்றது. அத்தூள் சூட்டுடன் ஒட்டிக்கொண்டால் எளிதில் நீங்காது. இதனைத் தடுக்கவே பொறிப்பதற்கு முன்னர் பலகையின் மேற்பரப்பைத் தாளினால் மூடுகிறோம். தூள் தாளின் மேல் விழும், தாளை உரித்ததும் பலகை தெளிவாக இருக்கும்.

பலகை வாங்கும்போதே அதன் இரு புறமும் தாளோ மெல்லிய பிளாஸ்ரிக் படலமோ ஒட்டப்பட்டிருக்கும். தாளாக இருந்தால் அதன் மேலேயே பொறிக்கலாம். பிளாஸ்ரிக் படலமாக இருந்தால் பொறிக்கும் பக்கத்தில் அதை உரித்துவிட்டுத் தாளினாலான மாஸ்கிங் ரேப்பை ஒட்டுவது நல்லது. ஏனெனில் படலம் உருகி எழுத்தின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். ரேப்பை ஒட்டும்போது ஒரு முனையிலிருந்து தொடங்கி, பழைய தொலைபேசி அட்டை போன்ற ஒன்றினால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே செல்லுங்கள். காற்றுக் குமிழ் இருந்தால் அவ்விடத்தில் புகை உட்புகும். ரேப்பை ஒன்றன் மேல் ஒன்றாக அகலமாக ஒட்டவும் கூடாது. இரட்டைத் தாள் உள்ள இடத்தில் பொறிப்பின் ஆழம் குறைந்து எழுத்தில் கோடு தெரியும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பி.வி.சி. அல்லது வினைல் ஸ்ரிக்கரை ஒருபோதும் லேசரில் வைக்கக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைட்டு வாயு சுவாசப்பையையும் பாதிக்கும், இயந்திரத்தின் உலோகப் பகுதிகளையும் அரிக்கும்.

பலகையிலும் இரு வகைகள் உள்ளன. அச்சில் வார்த்துச் செய்யப்படும் 'காஸ்ட்' அக்ரிலிக்கில் எழுத்து பனி படர்ந்தது போல வெண்மையாகத் தெரியும். 'எக்ஸ்ட்ரூடட்' எனப்படும் மற்றைய வகை விலை குறைவு. ஆனால் அது உருகிப் பளபளப்பாகி விடுவதால் எழுத்து மங்கலாகவே தெரியும். எழுத்து வெள்ளையாக வராததற்கு உங்களைக் குறை கூறினால், முதலில் பலகை எந்த வகை என்று கேளுங்கள்.

பொறித்த பின்னர் எழுத்துகளுக்குள் சிறு சிறு தாள் துண்டுகள் மிஞ்சும். அவற்றைச் சவரத்தகட்டினால் சுரண்டாதீர்கள். அகலமான ஒட்டு ரேப்பை மேலே அழுத்தி ஒரே இழுப்பில் எடுத்தால் பெரும்பாலானவை வந்துவிடும். மிகுதியைப் பிளாஸ்ரிக் அட்டையின் முனையால் எடுக்கலாம். எழுத்துக்கு வர்ணம் பூசுவதாயின், தாளை உரிக்க முன்னரே பூசிக் காயவிட்டுப் பின்னர் உரியுங்கள். ஓரங்கள் சுத்தமாக வரும். நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணமே இதற்குப் பாதுகாப்பானது.

புகைப்படம் பொறிக்கும்போது முறை வேறு. படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. தாள் ஒட்டினால் புள்ளிகளுக்கிடையே மிஞ்சும் துணுக்குகளை எவராலும் எடுத்து முடிக்க இயலாது. ஆகவே பாத்திரம் கழுவும் திரவத்தை ஸ்பொஞ்சினால் மிக மெல்லியதாகப் பூசிக் காயவிட்டுப் பொறியுங்கள். தூள் அந்தச் சவர்க்காரப் படலத்தில் தங்கி, கழுவும்போது நீங்கிவிடும். முதலில் ஒரு வெட்டுத்துண்டில் பரீட்சித்துப் பார்ப்பது அவசியம்.

எமது பிரதேசங்களில் இவ்வேலைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பல இடப்பெயர்வுகளைத் தாண்டி எஞ்சிய ஒரேயொரு படத்தை ஒரு தாய் கொண்டுவரக்கூடும். படத்தைப் பிரதி எடுத்தவுடன் மூலப்படத்தை அவரது கையிலேயே திருப்பிக் கொடுங்கள். என்ன வாசகம் பொறிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்கு 'அமரர்' என்றோ 'நினைவாக' என்றோ நாமாகப் போட்டுவிடக் கூடாது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு அச்சொல் எவ்வளவு பெரிய காயம் என்பதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனித் துப்புரவு. இளஞ்சூடான நீரில் சில துளி மென்மையான சவர்க்காரத் திரவத்தைக் கலந்து, மெல்லிய பருத்தித் துணியினால் அழுத்தாமல் கழுவுங்கள். உலர்ந்த துணியால் தூளைத் துடைத்தால் கீறல் விழும். எழுத்துக்குள் உள்ள தூளை மென்மையான பற்தூரிகையால் எடுக்கலாம். ஸ்பிரிட், தின்னர், அசற்றோன், அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் ஆகியவை வேண்டாம். லேசரின் சூட்டினால் வெட்டிய ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத இறுக்கம் இருக்கும். இத்திரவங்கள் பட்டதும் அவ்விடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். சில வேளைகளில் அவை உடனே தெரியாமல், பொருள் வீட்டுக்குப் போன பின்னரே தெரியவரும். ரேப்பின் பசை மிஞ்சினால் சிறிதளவு மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு, ஓரங்களில் படாமல் துடைத்து, உடனே சவர்க்கார நீரால் கழுவிவிடுங்கள். இதையும் வெட்டுத்துண்டில் பார்த்த பின்னரே செய்யுங்கள்.

உங்கள் உடல்நலம் எல்லாவற்றிலும் முதன்மையானது. அக்ரிலிக் புகை கண், தொண்டை, சுவாசப்பை என்பவற்றை உறுத்தும். புகையை வெளியே இழுக்கும் விசிறி இயங்காவிட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். சாதாரண துணி முகக்கவசம் அந்த வாயுவைத் தடுக்காது. அக்ரிலிக்கும் மேலே ஒட்டிய தாளும் தீப்பற்றக்கூடியவை. எனவே இயந்திரம் ஓடும்போது ஒரு நிமிடமேனும் அதைத் தனியே விட்டுச் செல்லக்கூடாது. தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இறுதியாகக் கூலி பற்றியும் கூறவேண்டும். ஒரு சிறு கொப்பியில் தாள் ஒட்ட எவ்வளவு நேரம், உரிக்க எவ்வளவு நேரம், கழுவ எவ்வளவு நேரம் என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். பல வேலைகளில் இயந்திரம் ஓடும் நேரத்தை விட உங்கள் கை ஓடும் நேரமே அதிகம் என்பது எழுத்தில் தெரியும். சம்பளம் பேசும்போது அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். ஒரேயொருவரை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரரும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் தமது பங்காகச் செலுத்த வேண்டும். உங்கள் சம்பளத்திலிருந்து சேமலாப நிதிக்காகக் கழிக்கப்பட வேண்டியது 8 வீதம் மாத்திரமே. இது நடைபெறாவிட்டால் உங்கள் பகுதியிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

சொந்தமாக இயந்திரம் வாங்க விரும்பும் சகோதரிகள் கடன் பத்திரத்தில் கையொப்பம் இடுவதற்கு முன்னர், இந்தப் பின்மேசை வேலையை முழுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். நீல ஒளி தரும் மலிவான சிறு இயந்திரங்கள் தெளிந்த அக்ரிலிக்கில் நேரடியாகப் பொறிக்கமாட்டா. அவ்வொளி பலகையினூடாகச் சென்றுவிடும். அதற்குக் காபனீரொட்சைட்டு லேசர் வேண்டும். நீங்கள் கொண்டு செல்லும் பலகையில் பொறித்துக் காட்டிய பின்னரே விலை பேசுங்கள்.