நாலு முட்டை வெயிட்டுக்கு ஒரு கார்பன் ஃபைபர் மட்கார்டு

நாமக்கல்லுன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரிஞ்சது மூணு. முட்டை, லாரி, ஆஞ்சநேயர். நாலாவதா ஒண்ணைச் சேர்த்துடலாம்னு போன கோடையில எனக்கு ஒரு விபரீத ஆசை வந்துச்சு. என்னோட 150 சிசி வண்டிக்கு வீட்டுலயே கார்பன் ஃபைபர்ல முன்பக்க மட்கார்டு செய்யறதுன்னு முடிவு பண்ணினேன். வீட்டம்மா கேட்டது ஒரே கேள்விதான். "இருக்குற மட்கார்டுக்கு என்ன கேடு?" இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை :-)

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். கார்பன் ஃபைபர் வீட்டுல செய்யலாம். கையில தொழில் ஆர்வம் இருக்குறவன் ஒரு தடவையாவது செஞ்சு பார்க்கணும். ஆனா உடைஞ்சா உயிர் போகாத பாகமா மட்டும் இருக்கணும்.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கார்பன் ஃபைபர்ங்கறது துணி. நம்ம தலைமுடியில பத்துல ஒரு பங்கு தடிமன்ல இருக்குற இழைங்க 3000 சேர்ந்தா ஒரு கற்றை. அதை நெஞ்ச துணியை அச்சுல விரிச்சு, எபாக்ஸி ரெசின் தடவி, இறுக விட்டா பாகம் ரெடி. கேக்க சுலபமா இருக்குல்ல? அதுலதான் மாட்டிக்கிட்டேன்.

லாரி பாடி கட்டுற ஊர்ல ஃபைபர் வேலை தெரிஞ்ச ஆளுக்கா பஞ்சம்? தெரிஞ்ச மேஸ்திரி ஒருத்தர்கிட்ட போனேன். முப்பது வருஷமா கண்ணாடி இழை மேட்டும் பாலியெஸ்டர் ரெசினும் புழங்குற கை. பழைய மட்கார்டுக்கு மெழுகு பூசி அரை நாள்ல அச்சு எடுத்துட்டாரு. கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நான் செஞ்சிருந்தா அரை மாசம் ஆகியிருக்கும்.

அடுத்த நாள் எபாக்ஸி டப்பாவை நீட்டினேன். ஹார்டனரை வழக்கம்போல கண் அளவுல ஊத்தினாரு. "என்ன தம்பி, வேகமா எறுகோணும்னா இன்னுங் கொஞ்சம் ஊத்துனா ஆச்சு!" பாலியெஸ்டருக்கு அது சரி. கேட்டலிஸ்ட் நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பங்குதான், முன்னப்பின்ன போனா வேகம்தான் மாறும். எபாக்ஸி அப்படி இல்லீங்க. ரெசினும் ஹார்டனரும் கணக்கா ஒண்ணோட ஒண்ணு சேரணும். எது மிஞ்சினாலும் அது உள்ளேயே தங்கிடும். மூணு நாள் காத்திருந்தோம். பாகம் அதிரசப் பாகு பதத்துலயே நின்னுடுச்சு. துணி விக்கிற விலைக்கு மனுஷன் அழுதே இருக்கணும், நான் சிரிச்சேன்.

ரெண்டாவது தடவை நகை எடை போடற மாதிரி ஒரு தராசு வாங்கினேன். அளவு சரி. ஆனா கலந்த ரெசினை மக்குலயே வச்சுட்டு நாயம் பேசிட்டு இருந்தோம். மே மாச வெயில் வேற. மொத்தமா இருந்த ரெசின் தானே சூடேறி, மக்கு உருகி, புகை வந்துடுச்சு. மூணாவது தடவை விடியக்காலையில, கொஞ்சம் கொஞ்சமா கலந்து, பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரால பிளாஸ்டிக் பையில காத்தை உறிஞ்சி ஒட்ட வச்சோம். அருமையா வந்துச்சு. வண்டியில மாட்டி ஊரைச் சுத்தினேன்.

ரெண்டு வாரம் கழிச்சு மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வெயில்ல நிறுத்திட்டு டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா, மட்கார்டு நுனி தொங்குது! காரணம் இதுதான். சாதா வெப்பத்துல இறுகின எபாக்ஸி, 50, 60 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிச்சுடும். கறுப்புப் பாகம் நம்ம ஊர் வெயில்ல அந்தச் சூட்டைத் தொட்டுடும். இறுகினதுக்கு அப்புறம் படிப்படியா சூடேத்திப் பதப்படுத்தினாத்தான் தாங்கும். இதுக்கு வழி சொன்னது மேஸ்திரிதான். கோழிப்பண்ணையில குஞ்சுக்கு வெதுவெதுப்பு குடுக்குற பல்பு! பிளைவுட் பெட்டி, உள்ளே அலுமினியத் தாள், நாலு பல்பு, ஒரு தெர்மாமீட்டர். 70 டிகிரி வரைக்கும் மெதுவா ஏத்தி, ஒரு பகல் பூரா வச்சோம். இந்தக் கோடையையும் தாண்டி நிக்குது.

கணக்கு பார்க்கலாமா? பழைய மட்கார்டு 480 கிராம். புதுசு 270. மிச்சம் 210 கிராம், அதாவது நாலு முட்டை. நான் ஒரு நாள் காலை டிபனைக் குறைச்சா வண்டி அதை விட லேசாயிடும். அதனால மைலேஜ் கூடும், வேகம் பறக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

இப்ப எதுக்கு இதை எழுதறேன்னா, அக்கா பையன் வந்தான். டிப்ளமோ படிக்கிறான். "மாமா, அடுத்து ஹேண்டில்பார் செய்யலாம், நியூசிலாந்துல ஒருத்தர் சக்கரமே செஞ்சாராமே"ன்னான். செஞ்சாருதான். ஜான் பிரிட்டன். வீட்டு ஷெட்டுல கார்பன் ஃபைபர் சக்கரம், ஃபோர்க், ஸ்விங் ஆர்ம் எல்லாம் வச்சு ரேஸ் பைக் செஞ்சு, 1994ல டேடோனாவுல ஜெயிச்சாங்க. இங்க கோவையில கரிவரதன் மாருதி 800 இன்ஜின் வச்சு ரேஸ் காரே செஞ்சு காட்டினாரு. ரெண்டு பேருமே 1995ல போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்களைக் கும்பிடறேன். ஆனா மாப்ள, அவங்க வருஷக்கணக்கா உழைச்சு, உடைச்சு, மறுபடி செஞ்சவங்க. நாம மூணு மட்கார்டைக் கெடுத்தவங்க.

இரும்பு வளைஞ்சு எச்சரிக்கும். கார்பன் ஃபைபர் அப்படிச் சொல்லாது. உள்ளே அடுக்கு பிரிஞ்சிருந்தாலும் வெளியே பளபளன்னு இருக்கும். ஒரு நாள் பட்டுனு முறியும். அது சேலம் ரோட்டுல லாரிக்கு முன்னாடியா இருந்தா? மட்கார்டு முறிஞ்சா சட்டையில சேறு. ஹேண்டில்பார் முறிஞ்சா வீட்டு வாசல்ல பந்தல். இதை அவன்கிட்ட இப்படியே சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். பரவாயில்லை. சைடு பேனலுக்கு அச்சு எடுக்க அவனையே மேஸ்திரிகிட்ட அனுப்பியிருக்கேன்.

எனக்குக் கிடைச்சது அந்த நாலு முட்டை இல்லீங்க. முப்பது வருஷக் கை இப்ப தராசு வச்சு கலக்குது. பட்டறையில ஒரு தெர்மாமீட்டர் தொங்குது. அந்தக் கையும் இந்தத் தராசும் சேர்ந்தா நம்ம பட்டறைங்க எங்கேயோ போயிடும்ங்கறது என் நம்பிக்கை.

டிஸ்கி: தேய்க்கும்போது முகமூடி, கையுறை, முழுக்கை சட்டை கட்டாயம். அந்தத் தூசி குத்தினா ராத்திரி பூரா சொறிய வேண்டியதுதான். அனுபவம் பேசுது!