பின்வாங்கில் ஒருவர் இருக்க வேணும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையைக் கம்பஸுக்கு அனுப்பியவர்களும், அனுப்பக் காத்திருப்பவர்களும் முழுக்க வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முதல் ஒரு கலியாண வீடு. ஒரே சஹனில் எனக்கு எதிரே இருந்தவர் ஒரு விரிவுரையாளர். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம், இந்த மாவட்டம் இல்லை. முதலாம் வருடத்திலேயே பிள்ளைகள் நிறையப் பேர் ரிப்பீட் எடுக்கிறார்கள் என்று அவரே கதையை எடுத்தார். "வகுப்பில பிள்ளைகளைக் கதைக்க விடுவீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார். "மாஸ்டர், அது ஸ்கூல் வேலை. இதுகள் வளர்ந்த பிள்ளைகள். நாங்க பாடத்தைக் குடுப்போம், படிக்கிறது அவங்கட பொறுப்பு."

சோற்றில் கை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்கக் கூடாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு மகன், இப்போது தூரத்து ஊரொன்றில் கம்பஸில் இரண்டாம் வருடம். அவருடைய வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். லீவில் வந்தபோது புள்ளிவிபரவியலில் ரிப்பீட் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு பாடவேளைக்கு 94 சிலைட். மாறற்றிறன் சூத்திரத்தைக் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்தார். அது எதற்கு என்று கேட்டேன். பேச்சில்லை.

ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளும் 50 புள்ளி. பக்கத்து வகுப்பில் ஐந்து பேர் 10, ஐந்து பேர் 90. இரண்டுக்கும் சராசரி 50தானே, அப்போ இரண்டும் ஒரே வகுப்பா? பார்த்துக்கொண்டே இருந்தவர் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா சேர்?" இவ்வளவுதான் மகன். "இதை அங்க ஒருத்தரும் கேக்கேல்லையா?" "கேள்வி கேக்க நேரமில்ல சேர். சிலைட் முடிக்கணும்."

இந்தப் பிள்ளையை மக்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கடதாசியில் நாலு வரி எழுத, பத்து நிமிடத்தில் விளங்கிக்கொண்ட பிள்ளை. திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று அரசாங்கம் கணக்குப் போட்டு எங்கள் வவுனியாப் பிள்ளைகளை உள்ளே எடுப்பது நல்ல காரியம். ஆனால் கதவைத் திறந்துவிட்டு, தமிழில் உயர்தரம் படித்த பிள்ளையை அடுத்த மாதமே ஆங்கிலத்தில் 94 சிலைட்டுக்கு முன்னால் இருத்திவிட்டு, "உன் பொறுப்பு" என்பது எந்த ஊர் நியாயம்?

இனி விரிவுரையாளர் பக்கத்தையும் சொல்ல வேணும். அவர்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போனால் நானும் அந்தக் கலியாண வீட்டுக்காரர் மாதிரித்தான்.

நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் கல்வியியற் கல்லூரியில் மூன்று வருடம். அதில் கடைசி வருடம் முழுக்கப் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. அதற்குப் பிறகும் அதிபர் வருவார், வலயத்திலிருந்து வருவார்கள், பாடக்குறிப்புக் கொப்பியைத் திறந்து பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தில் நல்ல வகுப்போடு பட்டம் எடுத்தால் அடுத்த வருடமே மேடையில் ஏறலாம். புதிதாகச் சேர்கிறவர்கள் பதவி நிரந்தரமாவதற்கு, கற்பித்தல் பற்றி ஒரு சான்றிதழ்ப் பயிற்சி செய்யத்தான் வேணும். நல்ல பயிற்சி என்று செய்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது முடிந்ததும் சான்றிதழ் ஃபைலுக்குள் போகும், மனுசன் தனியே மண்டபத்துக்குள் போவார். அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. செமஸ்டர் கடைசியில் பிள்ளைகள் நிரப்பும் படிவம் ஒன்று வரும், அவ்வளவுதான். கட்டுரை எழுதினால் எண்ணி எடுக்கலாம். யாரும் வந்து பார்க்காத வகுப்பை எப்படி எண்ணுவது?

காசு இல்லை என்று சொல்லாதீர்கள். உயர்கல்விக்கென்று உலக வங்கியின் 10 கோடி டொலரோடு 2017இல் 'அஹெட்' திட்டம் வந்தது. அதற்கு முதலும் திட்டங்கள் வந்தன. மாணவர் மையக் கற்றல் என்ற சொல் அப்போதிருந்து எல்லாப் பதாகையிலும் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் சூம் வந்தது. கரும்பலகையில் இருந்தது சிலைட்டுக்குப் போனது, சிலைட் திரைக்குப் போனது. பிள்ளை அதே இடத்தில் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறது. இதற்குப் பெயர் புதிய கற்பித்தலாம்.

எரிக் மாசூர் என்று ஒரு பௌதிகவியல் பேராசிரியர், ஹாவர்ட்டில். பிள்ளைகள் அவருக்கு நல்ல புள்ளி போடுவார்கள், அவரும் தன்னை நல்ல ஆசிரியர் என்றே நினைத்திருந்தார். ஒரு நாள் கணக்கே இல்லாத எளிய கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார். பெரிய கணக்கெல்லாம் செய்கிற பிள்ளைகள் அதில் தடுமாறினார்கள். 1991இல் முறையை மாற்றினார். கொஞ்ச நேரம் விளக்கம், பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தன் விடையைத் தெரிவு செய்வார். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு தர்க்கம், பிறகு திரும்பவும் விடை. இதைச் செய்ய எங்கள் ஊரில் நாலு நிற மட்டை போதும், டொலர் தேவையில்லை. விஞ்ஞானம், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 34 பேர் தவறினார்கள், வகுப்பில் ஏதாவது செய்யவைக்கப்பட்டவர்களில் 22 பேர். அந்த இடைவெளியில் நிற்கிற 12 பேரில் ஒருவர்தான் என்னுடைய மகன்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2019இல் அதே ஹாவர்ட்டில் சோதித்தபோது, இப்படி வேலை வாங்கப்பட்ட பிள்ளைகள் கூடுதலாகப் படித்திருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகப் படித்ததாகத்தான் அவர்களே சொன்னார்கள். வேலை வாங்கினால் பிள்ளைக்குக் களைக்கும். ஓடுகிற விரிவுரை விளங்குவது மாதிரி இருக்கும். இப்போது யோசியுங்கள். ஒரு இளம் விரிவுரையாளர் துணிந்து மாற்றிப் பார்க்கிறார். பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள், படிவத்தில் புள்ளி குறைகிறது, மூத்தவர் "என்ன விளையாட்டு?" என்கிறார். மூன்றாம் கிழமை அவர் சிலைட்டுக்குத் திரும்பிவிடுவார். நானாக இருந்தாலும் திரும்பியிருப்பேன்.

அனுபவத்தில்தான் சொல்கிறேன். 2007இல் புதிய பாடத்திட்டத்தோடு ஐந்து 'ஈ' முறை வந்தபோது கருத்தரங்கில் பின்னால் இருந்து கேலி செய்த கூட்டத்தில் நானும் ஒருவன். என்னை மாற்றியது கருத்தரங்கு இல்லை. ஒரு ஆசிரிய ஆலோசகர் வந்து என் வகுப்பின் பின்வாங்கில் நாற்பது நிமிடம் பேசாமல் இருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னார்: "சேர், பதினொரு கேள்வி கேட்டீங்க. பதினொன்றும் முன் இரண்டு வாங்குக்கு." எனக்கு முகம் சுட்டது. அடுத்த மாதம் திரும்பி வந்து அதே வாங்கில் இருந்தார். அந்த இரண்டாவது வருகை இல்லாவிட்டால் நான் மாறியிருக்க மாட்டேன்.

பல்கலைக்கழக ஆசிரியருக்கும் அதுதான் வேணும். தன்னைப் போலப் படிப்பிக்கிற ஒருவர் வந்து பின்வாங்கில் இருக்க வேணும், அறிக்கை எழுதுவதற்கில்லை, உதவுவதற்கு. திரும்பவும் வர வேணும். முதல் செமஸ்டரில் பிள்ளைகள் முணுமுணுத்தால் துறைத் தலைவர் அந்த இளைஞரின் பக்கம் நிற்க வேணும். இப்படிச் செய்த மணித்தியாலங்கள் பதவியுயர்வில் கட்டுரைக்குச் சமமாக நிற்க வேணும்.

பம்பைமடுவைப் பற்றியும் ஒரு சொல். 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தொடங்கி, 2021 ஆகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை ஒரே மண்டபத்தில், மூன்று பேருக்கும் சொந்தமில்லாத மொழியில் படிக்கிற இடம். பக்கத்தில் இருப்பவரோடு பேசவைக்கும் வகுப்பு இலங்கையில் எங்காவது தேவையென்றால் அங்கேதான். இளம் பல்கலைக்கழகம், பழக்கம் இன்னும் இறுகவில்லை. இதை முதலில் செய்து காட்டினால் மற்றவர்கள் இங்கே வந்து பார்ப்பார்கள்.

நாங்களும் சும்மா இருக்க வேண்டாம். எங்கள் பாடசாலைக் கூட்டத்தில் ஆசிரியரிடம் அத்தனை கேள்வி கேட்கிற பெற்றோர், பிள்ளை கம்பஸ் போனதும் வாயைப் பூட்டிவிடுகிறோம். லீவில் வரும் பிள்ளையிடம் ரிசல்ட்டை மட்டும் கேட்காதீர்கள், "வகுப்பில் நீ கடைசியாக எப்போது வாய் திறந்தாய்?" என்றும் கேளுங்கள். பதிலைக் கீழே எழுதுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம்.

அந்தக் கலியாண வீட்டு நண்பர் இதை வாசிப்பார் என்று தெரியும். கோபப்படாதீர்கள். ஒரு நாள் என் வகுப்புக்கு வாருங்கள், பின்வாங்கில் இடம் இருக்கிறது. எட்டாம் பாடவேளை மட்டும் வேண்டாம். அந்த நேரம் பிள்ளைகளுக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம்.