பாவம், அந்த ஈசிஎம்

"சார், ஈசிஎம் போயிடுச்சு. புதுசுதான் மாத்தணும்."

கார் வைத்திருப்பவர் வயிற்றில் புளியைக் கரைக்க இது போதும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மெக்கானிக் கையில் எடுத்துக் காட்டிவிடுவார். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் தீப்பொறி என்று கணக்குப் போடும் இந்த ஈசிஎம் கணினியோ மூடிக் கிடக்கும் அலுமினியப் பெட்டி. செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. விலை மட்டும் நன்றாகத் தெரியும். பல கார்களுக்கு ஐந்து இலக்கம்.

ஆனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஸ்கேனரில் நாலைந்து சென்சார்களின் பிழை எண்கள் ஒன்றாக வந்து நின்றால், பெட்டிதான் கெட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். பெரும்பாலான கார்களில் சென்சார்களுக்கு 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்புவது ஈசிஎம்தான். ஒரே லைனைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அவற்றில் ஒன்று ஷார்ட் ஆனால் மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும். அந்த வயரில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியதும் மீட்டர் 5-க்குத் திரும்புகிறதோ, அங்கே இருக்கிறது கோளாறு. எர்த் வயரையும் விடக்கூடாது. பாடியில் போல்ட் போட்ட இடத்தில் துரு ஏறியிருந்தால், நல்ல ஈசிஎம்கூடக் கன்னாபின்னாவென்று நடந்துகொள்ளும்.

இதெல்லாம் பார்த்தும் பெட்டியில்தான் கோளாறு என்றால்? அப்போதும் தூக்கி எறிய அவசரம் வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற மிட்சுபிஷி எக்லிப்ஸ் கார்கள் இப்படிச் சரிசெய்யக்கூடிய கோளாறுக்குப் பேர்போனவை. ஈசிஎம் போர்டில் இருந்த கெப்பாசிட்டர்கள் வயதாகித் திரவம் கசிந்து, செப்புக் கோடுகளை அரித்தன. ஐடிலிங் தள்ளாடும், ஒரு நாள் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. மூடியைக் கழற்றினால் மீன் வாடை, கெப்பாசிட்டரின் காலடியில் கறை. கறையைத் துடைத்து, அறுந்த கோட்டுக்கு மெல்லிய வயரை ஒட்டி, சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் புதுக் கெப்பாசிட்டர்களைப் போட்டால் வண்டி பழையபடி ஓடும். சால்டரிங் பழகிய உரிமையாளர்கள் பலர் தாங்களே செய்துகொண்ட வேலை இது.

கம்பெனிகளின் கணக்கு வேறு. 2010 ஆகஸ்டில் டொயோட்டா, அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்ற சுமார் 11.3 லட்சம் கொரோலா, மேட்ரிக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. 2005 முதல் 2008 வரையிலான மாடல்கள். ஈசிஎம் போர்டின் சால்டர் இணைப்பிலோ, வாரிஸ்டர் என்ற உறுப்பிலோ விரிசல் விழுந்து, ஓடும் வண்டி நின்றுவிடலாம் என்பது காரணம். புது ஈசிஎம் இலவசமாக மாற்றித் தரப்பட்டது. லட்சக்கணக்கான வண்டிகளுக்கு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பற்றவைத்துக்கொண்டிருக்க எந்த டீலராலும் முடியாது, நியாயம்தான். பதினைந்து வயதுக் காரை வைத்துக்கொண்டு சொந்தப் பணம் கொடுப்பவர் அதே கணக்கைப் போட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் பழுதுபார்த்துவிடலாம் என்பதும் வீம்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களைக் கையாண்டவர்களுக்கு இது தெரியும். அடுக்கடுக்கான போர்டுக்குள் அழுக்குத் தண்ணீர் புகுந்துவிட்டால், மேலே துடைத்தாலும் உள்ளே அரிப்பு நிற்காது. இன்று ஓடும், அடுத்த மாதம் நெடுஞ்சாலையில் நிற்கும். சிப்புகளை ஜெல் ஊற்றி மூடியிருக்கும் பெட்டிகளிலும், பீங்கான் போர்டில் தலைமுடி போன்ற வயர்களைப் பதித்த பெட்டிகளிலும் சாதாரண சால்டரிங் எடுபடாது. அங்கே மாற்றுவதே மேல்.

மாற்றுவதும் கழற்றி மாட்டுகிற காரியமல்ல. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே பார்ட் நம்பரில் பழைய ஈசிஎம் குறைந்த விலைக்குக் கிடைக்கலாம். மாட்டிச் சாவியைத் திருப்பினால், இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள கார் பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகாது. இந்தக் காரின் சாவி அந்தப் பெட்டிக்கு அந்நியம். பழைய பெட்டியின் மெமரி சிப்பில் இருக்கும் தகவலைப் படித்து, வாங்கி வந்த பெட்டியில் எழுதினால் வண்டி கிளம்பும். ஆகவே செத்த பெட்டிக்கும் மதிப்பு உண்டு.

இன்னொன்று, இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். இக்னிஷன் காயில் ஷார்ட் ஆகி, அதை இயக்கும் டிரான்சிஸ்டர் ஈசிஎம்முக்குள் கருகுவது உண்டு. காயிலை மாற்றாமல் ஈசிஎம்மை மட்டும் மாற்றினால் புதுப் பெட்டியும் அதே வழியில் போகும்.

ஆகவே 'ஈசிஎம் போச்சு' என்று யாராவது சொன்னால், எர்த்தும் 5 வோல்ட்டும் பார்த்தாயிற்றா, மூடியைத் திறந்து பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அது எதனால் போனது என்பதையும் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். மாற்றியே தீர வேண்டும் என்றால், பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.